ஒரே பை

ஜூன் 3

மகள் தொலைபேசியில் பேசினாள். புது ஊரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. இப்போதுதான் வீடு கிடைத்திருக்கிறதாம். மாப்பிள்ளை கப்பலில். பிள்ளைகளை நான்தான் ரயிலில் கூட்டிப்போக வேண்டும்.

"ஒரே பைதாம்ப்பா. வீட்டையே பேத்துக்கிட்டு வராதீங்க. அந்த ரெண்டு வாலையும் வச்சுக்கிட்டு உங்களால தூக்க முடியாது."

சரி என்றேன். போய்ச் சேர்ந்தபின் நான் அங்கேயே இருப்பதா, திரும்புவதா? கேட்க வாய் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூன் 5

பையைக் கட்டிக் கட்டிப் பிரித்தேன். ஒன்றரை வயதுப் பேரனுக்கே (ஓரிடத்தில் நில்லாததால் அவன் பெயர் வண்டு) பாதிப் பை. பேத்தியின் காதறுந்த கரடி பொம்மை உள்ளே போனதும் என் சட்டைகள் வெளியே வந்தன. எனக்கு மாற்றுக்கு ஒன்று மட்டும்.

"உன் துணியெல்லாம் எங்க தாத்தா?"

"அப்புறம் எடுத்துக்கலாம்."

எந்த அப்புறம்?

ஜூன் 7, ரயிலில்

கழிப்பறைக்குப் போக வேண்டும். பிள்ளைகளை யாரிடம் விடுவது? எதிர் இருக்கை அம்மாள், "நான் என்ன தூக்கிக்கிட்டா ஓடப்போறேன்? போய்ட்டு வாங்க சார்" என்றாள். அதன்பிறகு போவதும் தவறு, போகாததும் தவறு. அடக்கிக்கொண்டேன்.

வண்டு குடித்த பாலையெல்லாம் கக்கினான். மாற்றுத்துணி தீர்ந்தது. என் சட்டையை அவனுக்கு மாட்டினேன். சட்டைக் கை இரண்டும் தரையில் புரள, அதிலேயே தூங்கிவிட்டான்.

ஜூன் 8

மகள் பையைத் திறந்தாள்.

"உங்க துணி எங்கப்பா?"

"நீதானே ஒரே பைன்னு…"

"ஓ. அப்ப திரும்பிப் போற மாதிரிதான் வந்திருக்கீங்க."

கேட்டாளா, சொன்னாளா? "உனக்கு எது சௌகரியமோ" என்றேன். அவள் முகம் சுருங்கியது. "உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேம்ப்பா."

ஜூன் 10

சின்ன அறையில் புதுக் கட்டில். அதன் இடப்பக்கம் படிக்கிற விளக்கு. இடப்பக்கம் சாய்ந்து படிப்பவன் இந்தக் குடும்பத்தில் நான் ஒருவன்தான். இரண்டு இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. மடையன்.

இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடச் சாப்பாட்டு மேசைக்குப் போனேன். "டிக்கெட் போட்டுட்டேம்ப்பா. கீழ் பர்த்."

"ரொம்ப நல்லது" என்றேன். ரொம்ப நல்லதாம்!

ஜூன் 12

வீடு வந்து சேர்ந்தேன். பை கனக்கவே இல்லை.

ஜூன் 15

மகள் பேசினாள். "உங்க சட்டை இங்கயே கொடியில கிடக்கு. அதைப் போத்தினாத்தான் வண்டு தூங்கறான்."

"அங்கேயே இருக்கட்டும்மா."

பிறகு கேட்டாள்: "சட்டை மட்டுமாப்பா?"

நான்… பேத்தியின் சளி எப்படியிருக்கிறது என்று விசாரித்தேன். தேவலை என்றாள். வைத்துவிட்டாள்.

அலமாரியிலிருந்த சட்டைகளையெல்லாம் எடுத்துக் கட்டிலில் அடுக்கியிருக்கிறேன். பெரிய பெட்டி கொள்ளும். காலையில் நானே அவளைக் கூப்பிட வேண்டும்.

என்னவென்று ஆரம்பிப்பது?