கயலின் லாக் குறிப்பும் என் தலையாட்டலும்

ஐப்பசி, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மூட்டம். துவைத்த துணி காயவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் ஒரே ஹாரன் சத்தம். பேத்தி கயல் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால். அவளுக்குத் துணையாக அலங்காநல்லூரிலிருந்து வந்தவள் நான்.

வாங்க வேண்டியது: மல்லித்தூள், பிரஷர் மாத்திரை, பச்சை வாழைப்பழம்.

கயல் கம்பெனிக்கு எழுதித் தரும் குறிப்பை வருகிற வெள்ளிக்கிழமை சோதிக்கிறார்களாம். தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்து ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் அப்பா, என் மகன், கறாராகச் சொல்லிவிட்டான். மாப்பிள்ளை வேறு பார்க்கிறான். எனக்கு இட்லி இறங்கவில்லை.

அவள் வேலை இதுதான். கம்ப்யூட்டர் தான் செய்கிறதையெல்லாம் வரி வரியாகக் குறித்து வைக்கும். அதற்குப் பெயர் லாக். எங்காவது கெட்டுப்போனால் அந்த லாக்கைத் தேடி எடுக்க ஒரு டூல். இப்போது தேடுவது மனிதர் இல்லை, தானாகவே வேலை பார்க்கும் ஏஐ ஏஜெண்டாம். டூலை எப்படிப் பயன்படுத்துவது என்று அந்த ஏஜெண்டுக்கு விளங்கும்படி இவள் எழுதித் தர வேண்டும். (இந்தப் பத்தியை வெள்ளிக்கிழமை சேர்த்து எழுதினேன். செவ்வாயன்று இம்புட்டும் எனக்குத் தெரியாது.)

சாயங்காலம் மாடி வீட்டு மும்தாஜ் வந்திருந்தாள். கயல் வெளியே வந்தாள்.

"அப்பத்தா, எழுதுனதத் தமிழ்ல சொல்றேன். புரியாத எடத்துல நிறுத்து. ஒனக்குப் புரிஞ்சா ஏஜெண்டுக்கும் புரியும்."

இரண்டு வரிதான் சொல்லியிருப்பாள். "புரியுதா?"

"புரியாம என்ன? மேல சொல்லு."

மும்தாஜ் பெருமையாக, "பெரியம்மா தினம் பேப்பர் படிக்கிறவுக. அவுகளுக்கா புரியாது?" என்றாள்.

அப்புறம் எங்கே நிறுத்துவது? கடைசிவரை தலையாட்டினேன். ஒன்றும் ஏறவில்லை.

புதன்

தூறல். கரண்ட் போய்ப் போய் வந்தது. மோர்க்குழம்பு திரிந்துவிட்டது.

இன்றைக்கு ஒத்திகையாம். கம்ப்யூட்டரில் பேசும் அதிகாரியின் குரல் கதவு இடுக்கில் கேட்டது. "கயல், முந்தாநாள் வெப்சைட் ஏன் நின்னுச்சுன்னு கேட்டா, ஏஜெண்ட் எந்தப் பிரச்சினையும் இல்லைன்னு சொல்லுது. பாத்தீங்களா?"

பிறகு அவளே சொன்னாள். எந்த நேரத்து லாக் என்று குறிப்பிடாவிட்டால் டூல் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும்தான் தேடுமாம். இவளுக்கு அது பழகிப்போன சங்கதி, அதனால் எழுதவில்லை. ஏஜெண்டும் தேடியது, ஒன்றும் அகப்படவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டது.

தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள். "ஒனக்கே புரிஞ்சுச்சே அப்பத்தா. அதுக்கு எப்படிப் புரியாமப் போச்சு?"

 தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வியாழன்

காலையில் மகன் ஃபோன். "என்னாத்தா, எப்ப கெளம்பி வாரீக?" தேறாது என்றே முடிவு கட்டிவிட்டான். வெடுக்கென்று வைத்துவிட்டேன். 

மும்தாஜ் ஒரு கிண்ணம் சேமியாவோடு வந்தாள். அவள் போனபின் கயலிடம் உண்மையைச் சொல்லலாம் என்று பார்த்தால் எழுந்திருக்கிற வழியாக இல்லை. கயலின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"கயலு, அன்னைக்கு நீ சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல. சும்மா தலையாட்டுனேன்."

மும்தாஜ் நெஞ்சில் கை வைத்தாள். "யா அல்லா! நீங்க ஆட்டுறதப் பாத்துத்தான் நானும் ஆட்டுனேன் பெரியம்மா!"

கயல் சிரிக்கவில்லை. "வெளையாடுறியா அப்பத்தா? நாளைக்கு எனக்குப் பரீட்சை!" கத்திவிட்டு உள்ளே போனாள்.  கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஏஜெண்டும் நீ செஞ்சதத்தான செஞ்சிருக்கு. புரியலன்னு சொல்லலாம்னு நான் அதுக்கு எழுதவே இல்லையே."

மறுபடி முதல் வரியிலிருந்து. இந்தத் தடவை விளங்காத இடமெல்லாம் புரியல, புரியல என்றேன். ஒவ்வொரு தடவையும் காது சூடானது. அவள் அடித்து அடித்து எழுதினாள். புதிதாகச் சேர்த்தது: நேரம் சொல்லாவிட்டால் எந்த நேரத்து லாக் என்று கேள். அகப்படாவிட்டால் எதுவரை தேடினாய் என்று சொல். பிரச்சினை இல்லை என்று நீயாகச் சொல்லாதே.

வெள்ளி

நல்ல மழை. சாமிக்கு விளக்கேற்றிவிட்டுக் கதவருகே உட்கார்ந்தேன். காலெல்லாம் மரத்தது.

அதே அதிகாரி. வேறு குரல்களும். வேண்டுமென்றே நேரம் சொல்லாமல் ஏஜெண்டிடம் கேட்டார்கள்.   வந்த பதிலை அதிகாரி வாசித்தார். எந்த நேரம் என்று நீங்கள் சொல்லவில்லை, கடைசி ஒரு மணி நேரம் மட்டும் பார்த்தேன், அதற்கு முன்னால் நடந்தது எனக்குத் தெரியாது, நேரம் சொன்னால் தேடுகிறேன் என்று எழுதியிருக்கிறதாம்.

இத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்லிவிட்டது. வெட்கமே படவில்லை.

"இதேமாதிரி மத்த டூலுக்கும் நீங்களே எழுதிடுங்க கயல்" என்றார். வேலை நிரந்தரமாம். கயல் வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ரவிக்கை நனைந்துவிட்டது.

மகனுக்கு நான்தான் ஃபோன் போட்டேன். வேலை நிரந்தரமான சங்கதியைச் சொன்னேன். பிறகு, "சரித்தா, அங்கனயே இருக்கட்டும். அப்படி என்னதான் வேலை அது?" என்று கேட்டான்.

"முழுசாத் தெரியலடா" என்றேன்.