வெறுங்காலில் வாசித்த பாட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, அருணா எழுதுவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பௌர்ணமி கிரிவலத்துக்கு மோர்க்கடை போட்டீர்களா?

இரண்டு வாரமாக நான் போனை எடுக்காதது அப்பா திட்டிய கோபத்தால் இல்லை. மும்பை மழையில் நனைந்து இரண்டு காதிலும் சீழ் வைத்து, சரியாகக் கேட்கவில்லை. காது போனால் டிஜே வேலையும் போய்விடுமே என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஒத்துக்கொண்ட நிகழ்ச்சியை விடவும் மனமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மரமேடையில் பாதத்துக்கு ஏறிய அதிர்வை வைத்தே ஒரு பாட்டோடு அடுத்த பாட்டின் தாளத்தைச் சேர்த்தேன்.

"காலு வலிக்கலையாம்மா?" என்று காதருகே வந்து கத்தினார் ஸ்பீக்கர் பார்க்கும் செல்லையா அண்ணன். "மலை சுத்துற காலுண்ணா, பதினாலு கிலோமீட்டர் இப்படித்தான் போவோம்" என்றேன்.

நேற்று டாக்டர், காது தப்பித்தது என்றார். ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்லாதே. பருப்புப்பொடி மட்டும் அனுப்பு.

போனில் பேசப் பத்து நாள் பொறுக்க வேண்டுமாம். மெசேஜ் போட்டால் உடனே கூப்பிடுவாய் என்றுதான் கடிதம். கூரியர் கடையைச் சாத்தப் போகிறார்கள், முடிக்கிறேன். மாசக் கடைசி ஞாயிறு காலை கூப்பிடுவேன். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வை. "இதெல்லாம் ஒரு வேலையா"ன்னு அவர் மறுபடி திட்டட்டும். முழுசாகக் கேட்கிறேன்.

உன் அருணா