உன்னிடம் கேட்காமல் போனது

மச்சான்,

இன்று காலை நோர்வூட் பாதையோரம் பெக்கோ இயந்திரம் மண்மேட்டை வெட்டிக்கொண்டிருந்தது. பச்சை மண்ணின் வாடை பஸ்ஸுக்குள் ஏறியதும் பக்கத்தில் இருந்த செல்வம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். மண்சரிவு நாளில் உன்னோடும் என்னோடும் மண் தோண்டியவன் அவன். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

அன்று பகல் மேட்டு லயத்து வீடுகளின் மேல் மலை சரிந்தபோது முதலில் ஓடியவன் நீ. மூன்று பேரும் மண்வெட்டியால் தோண்டினோம், பிறகு கையால். உள்ளேயிருந்து யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. "உசுரோட இருக்காங்கடா, வெரசா தோண்டுங்க" என்றாய். நாம் போய்ச் சேரும் முன்பே தட்டுவது நின்றுவிட்டது.

அதன் பிறகு தோட்டமே உன்னை மெச்சியது. நீயோ மழை தூறினாலே சப்பாத்தை மாட்டிக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நிற்பாய். கதவை யாராவது தட்டினால் மண்வெட்டியைத் தேடுவாய். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டாய். கோயிலில் கயிறு கட்டினார்கள். "பயந்திருக்கான், போகப்போகச் சரியாயிரும்" என்றார்கள்.

நான்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "இது பயந்த சுபாவம் இல்லீங்க, நோய். பார்த்தது திரும்பத் திரும்ப இப்ப நடக்கிற மாதிரியே இருக்கும். இப்படி இருக்கிறவங்களுக்குச் செத்துப்போகணும்னு தோணலாம். நேராவே கேளுங்க. கேட்கிறதால அந்த நினைப்பு புதுசா வந்துடாது."

தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் கேட்க வாய் வரவில்லை. அடுத்த கிளினிக் நாளில் நீ, "நல்லாத்தான் இருக்கேன், நீ வேலைக்குப் போ" என்று வர மறுத்தாய். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அந்த வாரம் உன் கம்பளிக் கோட்டை என்னிடம் கொடுத்தாய். "நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி மச்சான்" என்றாய். "கண்டதையும் பேசாத" என்று சொல்லிவிட்டுக் தேயிலைக் கொழுந்து நிறுவையைப் பற்றிப் பேச்சை மாற்றினேன். நீ சிரித்தாய். தேறிவிட்டாய் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நீ உயிரோடு இல்லை. உன் மனைவி என்னிடம், "ஒங்ககிட்டயாவது ஏதாச்சும் சொன்னாரா அண்ணே?" என்று கேட்டாள்.

போன மாதம் செல்வமும் பெரட்டுக்கு வரவில்லை. அவன் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை கேட்டேன்: "செல்வம், செத்துப்போகணும்னு தோணுதா?"

"தோணுது அண்ணே" என்றான்.

மறுநாள் அவன் மனைவியும் நானும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகும்வரை அவனைத் தனியே விடவில்லை. இன்று மூன்றாவது கிளினிக். மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான்: "அவர்கிட்டயும் இப்படிக் கேட்டீங்களா அண்ணே?"

"இல்லடா" என்றேன்.

நான் சாகும்வரை அந்த 'இல்ல' என்னோடுதான் இருக்கும், மச்சான். அடுத்த கிளினிக்குக்கும் அவனோடு போவேன்.