மூன்றாவது இலைக்கட்டு

சோரியாங்குப்பம்,
தை 20.

அன்புள்ள அபிதாவுக்கு, ராஜ்கமல் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பீட்ரூட் மட்டும் நலமில்லை.

போனில் நீ பூஞ்சையைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் உன் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுகிறது. நான் சொல்ல வந்ததைத் தொடங்குவதற்குள் நீ போனை வைத்துவிடுகிறாய். அதனால் இலைக்கட்டோடு இதையும் வைக்கிறேன்.

ஊரே நெல்லும் கரும்பும் வைக்க, என் பொண்டாட்டி நீ ஆராய்ச்சிக்குக் கேட்டாயென்று அரைக் காணியில் சர்க்கரை பீட்ரூட் போட்டேன். இதில் பொரியல் செய்யலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்கிறது. இப்போது பாதிச் செடியில் இலை முழுக்கப் புள்ளி. நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் சிவப்பு. உரக்கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததுமே ஒரு மருந்தை எடுத்து நீட்டுகிறார். நீயோ, இதே மாதிரி புள்ளி வைக்கிற பூஞ்சை இரண்டு மூன்று உண்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்னதென்று சொல்லும்வரை எதையும் அடிக்காதே என்கிறாய். சரி, அடிக்கவில்லை. இலை கருகுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன்.

முதல் தடவை பிளாஸ்டிக் கவரில் போட்டது என் தப்பு. புனே ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் அழுகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது தடவை நீ சொன்னபடி பேப்பரில்தான் மடித்து வைத்தேன். இந்த இலையில் இருக்கும் பூஞ்சை அங்கே வளர்ந்தால்தான் உன் மருமகள் வேலை முடிந்து வருவாள் என்று அம்மாவிடம் சொன்னது வினையாகிவிட்டது. நல்லபடியாக வளரட்டும் என்று, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் மஞ்சளைக் குழைத்துத் தடவியிருக்கிறாள். மஞ்சள் பூஞ்சையைக் கொன்றுவிடும், அதை வளர்க்கும் தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை என்று நீ என்னிடம் கத்தினாய். நான் அம்மாவிடம் கத்தினேன். இன்னாடா, உன் பொண்டாட்டிக்கு மஞ்சள்கூட ஆவாதா என்று கேட்டவள்தான், ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை.

இது மூன்றாவது கட்டு. ஐந்து செடி, நடு இலை, பனி காய்ந்தபின் பறித்தது. பீரோவில் பூட்டி வைத்திருந்து எடுத்து அனுப்புகிறேன். இதிலும் தெரியாவிட்டால் இன்னும் ஆறு மாதம் அங்கேயே இருக்க வேண்டிவரும் என்று போன வாரம் சாதாரணமாகச் சொன்னாய். பொங்கலுக்கும் நீ வரவில்லை. எனக்கு அது சாதாரணமாக இல்லை, அபிதா.

தன் கொல்லையில் பயிருக்கு வந்த நோய் செழித்து வளர வேண்டுமென்று சாமி கும்பிட்ட ஆள் பாகூர் கொம்யூன் கிராமங்களிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். கும்பிட்டுவிட்டேன். உன் தட்டில் அது நன்றாக வளரட்டும். வளராவிட்டாலும் நீ வந்துவிடு. பயிர் போனால் போகட்டும்.

இப்படிக்கு,
உன் ராஜ்கமல்