நாலாவது மாடி ஜன்னல்

சனி, டிசம்பர் 13
மழை விட்டது. செய்ய வேண்டியவை: கேஸ் புக்கிங், ஷூ தைக்க, உமாவைப் படகில் கூட்டிப் போக. கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள். மூன்றாவது மட்டும் நடந்தது.

கோவளத்தில் ஏறி, கால்வாயில் மெள்ள வடக்கே. படகுக்காரர் தேசிங்கு. ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாது. ஒரு கரையில் சவுக்கு, மறு கரையில் கண்ணாடிக் கட்டடங்கள். "உங்க ஆபீஸ் பின்னாடி இவ்ளோ அழகா?" உமா. ஏழு வருஷமாக அங்கே வேலை. பின்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

ஆறு மணி, இருட்டத் தொடங்கியது. தேசிங்கு மோட்டாரை நிறுத்தி, தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து என் ஆபீஸைப் பார்த்து ஆட்டினார்.

"நாலாவது மாடி சார். எம் பொண்ணு பவித்ரா அங்கதான் வேல செய்து. டெய்லி ஆறு மணிக்கு துண்ட ஆட்டுவேன், பாப்பா ஜன்னலாண்ட வந்து செல்லுல லைட் அடிக்கும். ரெண்டு மாசமா காணோம். சீட்ட அந்தாண்ட மாத்திட்டாங்களாம்."

"உங்க மாடிதானே?" என்று உமா என்னைப் பார்த்தாள்.

"அது வேற டீம்." பொய்.

ஞாயிறு, 14
தூக்கமில்லை. பவித்ரா என் டீம்தான். ஆறு மணி மீட்டிங் நடுவில் தினமும் எழுந்து போவாள். ஐந்து நிமிஷம். எங்கேம்மா என்று ஒருநாள் கேட்டிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா எனக்கு? கேட்காமல் அப்ரைசலில் எழுதினேன்: "முக்கிய நேரத்தில் இருக்கையில் இருப்பதில்லை." அக்டோபரில் ஆள் குறைக்கச் சொன்னபோது அந்த வரியைக் காட்டித்தான் அவள் பெயரைக் கொடுத்தேன்.

வேலை போனதை வீட்டில் சொல்லவே இல்லை போல. இன்னும் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்புகிறாளோ? எங்கே போய் உட்காருகிறாளோ. சே.

உமாவிடம் சொன்னேன். "அடப்பாவி மனுஷா." மத்தியானம் ரசம்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

திங்கள், 15
கேஸ் புக் பண்ணியாச்சு. ஷூ இன்னும் இல்லை.

ஆறு மணி மீட்டிங். பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். கீழே படகு, சிவப்புத் துண்டு. யாருமே இல்லாத ஜன்னலுக்கு மனிதர் ஆட்டிக்கொண்டிருக்கிறார். தாங்கவில்லை. செல்லை எடுத்து லைட் அடித்தேன். படகில் எழுந்தே நின்றுவிட்டார். துண்டு படபடவென்று ஆடியது. எனக்கும் மனசு கொஞ்சம் லேசானது. மடையன்.

8 மணி. பவித்ராவின் போன். வேலை போனபின் முதல் முறை.

"சார், அப்பா ஜிலேபி வாங்கினு வந்துகீறாரு. என் சீட்டு திரும்ப ஜன்னலாண்ட வந்துடுச்சுன்னு தெருவெல்லாம் சொல்லினு கீறாரு. வேல போயிடுச்சுன்னு இன்னிக்குத்தான் சார் அவர்கிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன். காலையிலேர்ந்து மனச தேத்திகினு இருந்தேன். இப்ப எப்டி சார் சொல்றது?" அழுகை. பிறகு, "நம்ம ஃப்ளோர்ல யாரு சார் லைட் அடிச்சது?"

"தெரியலம்மா, விசாரிக்கிறேன்" என்றேன்.