முதல் வளையல் போடுகிற கை

அன்பு மகள் மதுமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற உயிரும் சுகமாக இருக்க நம்ம மாரியம்மன் துணை. சேந்தமங்கலத்தில் நான்கு நாளாக மழை, மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டும் வேலை மிச்சம். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய், போனை எடுத்தாலே அப்பாவின் அக்கா, உன் கண்ணாத்தாள் அத்தை, பக்கத்தில் வந்து நிற்கிறாள், அதனால்தான்.

தை மாதம் நீ வந்ததும் ஏழாம் மாதக் கட்டுச்சோற்று விருந்தும் வளைகாப்பும் வைக்க அத்தை எல்லாம் பேசி முடித்துவிட்டாள். முதல் வளையல் நான்தான் போட வேண்டுமாம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் முதல் வளையல் போடக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். ஒன்று பெற்றாலும் நன்று பெற்றவள், எதையும் பறிகொடுக்காதவள் என்று இருபது வருடமாக ஊரில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், நானும் போய்ப் போட்டேன். மேலத்தெரு மலர்விழிக்கும் போட்டேன். எட்டாம் மாதம் அவளுக்குக் குழந்தை செத்துப் பிறந்தபோது கண்ணு பட்டுப்போச்சு என்றார்கள். நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு மூன்று வயதில் நான் மறுபடியும் முழுகாமல் இருந்தேன் சாமி. ஐந்தாம் மாதம் அத்தை ஸ்கேனுக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவள், இதும் பொட்டப்புள்ளதான், காடு ரெண்டு மாப்பளைக்குப் பங்கு போவோணுமா, எந்திரி ஊட்டுக்குப் போலாம் என்றாள். மூன்றாம் நாள் வேறொரு ஊரில் எல்லாம் முடிந்தது. வயிற்றில் கட்டி என்று ஊரில் சொன்னோம். லாரியில் லோடு ஏற்றிப் போயிருந்த உன் அப்பா பத்து நாள் கழித்து வந்தார், என்ன கட்டி என்றுகூடக் கேட்கவில்லை. அத்தையை மட்டும் குறை சொல்ல மாட்டேன், யாரும் என் வாயைப் பொத்தவில்லை, நானும்தான் தலையை ஆட்டினேன். அதற்குப் பெயரும் இல்லை, கருமாதியும் இல்லை. உனக்குச் சோறு போடும்போதெல்லாம் இன்னொரு தட்டுக்குக் கை போய்விடும், இது யாருக்கும்மா என்று நீயே ஒரு நாள் கேட்டாய். இருபத்தாறு வருடமாகியும் இன்னும் போகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஸ்கேனில் என்ன குழந்தை என்று சொல்லிவிடுவார்களாமே, கேட்டுச் சொல் என்றேனே, அத்தை பக்கத்தில் நின்று சைகை காட்டினாள். ஆனால் கேட்டது என் வாய். அன்றிலிருந்து என்னை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

முதல் வளையல் நான் போட மாட்டேன். ஏன் என்று கேட்டால் அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடுவேன். இதைப் படித்துவிட்டு ஊருக்கே வரமாட்டேன் என்று நீ சொன்னாலும் சரிதான். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிந்து நீங்கள் நூறு வருடம் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. என்ன குழந்தை என்று அத்தையிடம் சொல்லாதே, அப்பாவிடம் சொல்லாதே, நான் அழுது கேட்டாலும் என்னிடமும் சொல்லாதே. அது பிறந்து அழுத பிறகு சொல்.

உன்னைப் பெற்றவள்,
அமுதவல்லி