மண்டபம் கொடுத்தவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் முனகுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நானும் பாதியில் அழுது தொலைப்பேன், நீ பதறிப்போய் டிக்கெட் எடுப்பாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

உங்கள் அமைப்பு இங்கே நடத்திய கூட்டத்துக்கு நீ சொன்னபடியே போனேன். உன்னோடு வேலை பார்க்கும் அந்தக் கண்ணாடி போட்ட தம்பி நன்றாகவே பேசினார். ஏழைகளுக்குப் பிச்சை போட வேண்டாம், குறுக்கே நிற்காமல் இருந்தாலே போதும், யார் வேண்டுமானாலும் தொழில் தொடங்கலாம், வாங்குகிறவர் தனக்குப் பிடித்ததை வாங்கட்டும், அப்படி விட்டால் வறுமை தானாகக் குறையும் என்றார். நீ போனில் எனக்குச் சொல்லிச் சொல்லிப் புரிய வைத்ததுதான், கேட்கப் பெருமையாக இருந்தது. அப்புறம் ஓர் உதாரணம் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வீடு, பின்னறையில் மூன்று தையல் மெஷின், ஆஸ்பத்திரி நர்சுகளுக்குக் கோட்டு தைக்கும் ஒரு தாய், பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் வேலை கொடுத்து, தன் மகளை வெளிநாட்டில் படிக்க வைத்தார் என்று. பெயர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? இந்த அம்மாவுக்கு யாரும் எதுவும் தரவில்லை, வழிவிட்டார்கள், அவ்வளவுதான் என்று முடித்தார். மண்டபமே கைதட்டியது. யாரும் வழிவிடவில்லையடி கண்ணு, யாருக்கும் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா, நம் பெரிய கத்திரி. தையற்கடைக்காரர் சங்கத் தலைவரேதான். மண்டபத்தை வாடகை இல்லாமல் கொடுத்ததும் அவர்தானாம். திரும்பி என்னைத் தேடிப் பார்த்து, சிரித்து, எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். உனக்குத் தெரியாததில்லை, உன் ஆபீஸ்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் விரித்து எழுதுகிறேன். இங்கே கூலிக்குத் தைக்க வேண்டுமானால் சங்கத்தில் இருக்க வேண்டும், சங்கத்தில் சேர மார்க்கெட்டில் கடை இருக்க வேண்டும், கடையோ சங்கத்து ஆளுக்குத்தான் கிடைக்கும். எங்கே சுற்றினாலும் அந்த மனிதர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். அதனால்தானே இத்தனை வருஷமும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தைத்தேன்.

மறுநாள் காலையிலேயே நகராட்சி ஆட்கள் சங்கச் செயலாளரோடு வந்து பின்னறைக் கதவுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அப்பாவின் நல்ல சட்டைகள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன, மனிதர் வெளுத்துப்போன பனியனோடு மார்க்கெட் கேட் காவல் வேலைக்குப் போக முடியாமல் என் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அந்த வயிற்றெரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சும்மா இருக்கவில்லை. நகராட்சிக்குப் போனேன். அந்தக் குமாஸ்தா நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார், எல்லாம் கேட்டுவிட்டு, சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கம்மா, உடனே திறந்துடலாம் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க கோட்டுல இருக்கற பாக்கெட் வேற எவன் வெச்சுத் தர்றான், ஆனா இனிமே சங்கத்துக் கடையிலதான் வாங்கணும்னு எங்களுக்கும் சொல்லிட்டாங்கக்கா என்று கண் கலங்கினாள்.

அப்புறம் பெரிய கத்திரியே வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். உங்க பொண்ணோட ஆளுங்க பேசினது நூத்துக்கு நூறு சரிம்மா, தொழில்ல தடையே இருக்கக் கூடாது, ஆனா ஆளாளுக்கு வீட்டுக்குள்ள தைக்க ஆரம்பிச்சா கடை வெச்சவன் எங்க போவான் என்றார். எந்த உறுத்தலும் இல்லாமல் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார் பார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்த மெஷின்கள் எல்லாம் அவருடையவை, நான் ஆரம்பத்திலிருந்தே அவர் கடை ஆள், வீட்டில் வைத்துத் தைக்கச் சொன்னதே அவர்தான் என்று சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்ல வேண்டும். சொன்னால் சீல் வைத்த கதவைத் திறந்துவிடுவார்கள், மெஷின்களும் நானும் அவர் கடைக்குப் போகலாம். எழுந்து போகும்போது அப்பாவைப் பார்த்து, அண்ணனுக்கும் வயசாயிடுச்சு, மார்க்கெட் கேட்டுல எவ்வளவு நாள்தான் நிக்க முடியும், நாங்கதானே பாத்துச் செய்யணும் என்றார். அந்த வேலையும் சங்கத்தின் கையில்தானே, ரொம்ப அக்கறையாகத்தான் சொன்னார். அவர் போன பிறகு அப்பா, நீ முடியாதுன்னு சொல்லு, நான் அந்த வேலைய விட்டுடறேன் என்றார். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு வேறு யார் அவருக்கு வேலை கொடுப்பார்கள், நீயே சொல்.

கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஆமாங்க, நான் அவர் கடை ஆளுதான் என்றேன். வார்த்தை தடுமாறும் என்று நினைத்தேன், தெளிவாகவே வந்தது, அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. இப்போது அவர் கடையில் கடைசி வரிசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து என் மெஷினிலேயே தைக்கிறேன், அதன் மேல் பெயிண்டில் நம்பர் போட்டுவிட்டார்கள். என்னோடு தைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு வேன் டிரைவர் சம்சாரத்தை அவர் வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுக்காவது இடம் கெடச்சுதே அக்கா என்றாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, இருந்தாலும் நான் இப்போது சந்து வழியாகச் சுற்றித்தான் வேலைக்குப் போகிறேன்.

நீ சொல்வது தப்பு என்று நான் நினைக்கவில்லை கண்ணு. அந்த நர்ஸ் மார்க்கெட்டைத் தாண்டி என் கோட்டைத் தேடி வந்தாளே, அவளை யாரும் அனுப்பவில்லை, அதில்தான் நீ படித்தாய். அதனால் வேலையை விடுகிறேன், கண்ணாடித் தம்பியோடு சண்டை போடுகிறேன் என்று கிளம்பாதே, அந்தப் பிள்ளை பாராட்டத்தான் சொன்னார். ஆனால் இனி எந்த ஊருக்குப் பேசப் போனாலும் மண்டபத்தை யார் கொடுத்தார்கள் என்று முதலில் கேள். கதவை மூடி வைத்திருக்கிறவனுக்கும் கைதட்டத் தெரியும்.

இன்னொன்று. போன வாரம் போட்டோக்காரரைக் கூட்டிவந்து என்னைக் கடைக்கு நடுவில் அவர் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பெண்களுக்குத் தொழில் வாய்ப்பு கொடுத்தவர் என்று உங்கள் அமைப்பு ஏதோ விருது தருகிறதாமே, அதற்கு அனுப்பியிருக்கிறார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன், நன்றாகவே விழுந்திருக்கும். அது உன் மேஜைக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விருது கொடுக்காவிட்டால் யார் தடுத்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும், அப்பா அந்தக் கேட்டில்தான் நிற்கிறார். கொடுத்தால் நீ நீயாக இருக்க மாட்டாய். யோசித்துச் செய், எது செய்தாலும் எனக்கு எழுது.

நீ நீண்ட ஆயுளோடு, யாருக்கும் கை கட்டி நிற்காமல், நிமிர்ந்து வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது வழக்கமாகக் கேட்கும் மெஷின் சத்தம் இல்லையே என்று கேட்டுவிடாதே. அப்பாவுக்கும் காதில் விழும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா